இரும்புக் கடைக்குப் போகவிருந்த ஜீப்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும், ஊட்டிச் சுற்றுலாவைப் பற்றி எழுதேன் என்றான் நண்பன் ஒருவன். ஊட்டியைப் பற்றி எழுத ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் தவறாமல் முன்வந்து விடுகிறார். ஆகவே, எங்கள் களத்தில் நிற்கும் ஒரு பழைய ஜீப்பைப் பற்றி எழுதத் துணிந்தேன். வண்டி வாகனங்களில் நாட்டமில்லாத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பாதி வேதியியல். மீதி குடும்பச் சண்டை.

என் அப்பாரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநராக இருந்து 2000ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாள்முதல், நம் நாட்டுக் கிராமங்களுக்கு அரசாங்கம் என்பது பெரும்பாலும் ஜீப்பில்தான் வந்து இறங்கியது. கிணறு வெட்டக் கடன், உயர் ரகச் சோளம், அம்மை ஊசி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு புழுதி மேகம் வரும். அந்த மேகத்தை ஓட்டி வந்தவர் எங்கள் அப்பாரு. அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். ஜீப்பும் அவரும் மாறவில்லை. கடைசியில் அலுவலக ஜீப்பைக் கழிவு செய்து ஏலம் விட்டபோது தாம் விடுப்பு எடுத்துக்கொண்டதாகச் சொல்வார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

2024 மே மாதம், முதலாண்டுத் தேர்வு முடிந்த சமயம். நொய்யல் கரையோரம் மூடிக் கிடந்த சாயப்பட்டறை ஒன்றில் பழைய இயந்திரங்களை எடைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பா ஒரு மோட்டார் பார்க்கப் போனார். நானும் அப்பாருவும் கூடப் போனோம். 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது திருப்பூர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. பிறகு சுத்திகரிப்பு வசதி செய்துகொண்டு பல திறந்தன. சில திறக்கவே இல்லை. இது திறக்காதவற்றுள் ஒன்று. கூரையில்லாத கொட்டகையில், வேலிக்கருவை முளைத்த இடத்தில், அந்த ஜீப் நின்றது. நின்றது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. நான்கு டயரும் மண்ணோடு மண்ணாகி, உட்கார்ந்திருந்தது.

அப்பாரு அதன் பானெட்டைக் கையால் தடவினார். அவருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். பக்கப் பார்வை போய், நேரே ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல்தான் தெரியும். இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்தால் காக்கலாமே தவிர, போனது வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "பானெட்டு ஒசரமா இருக்குது கண்ணு. த்ரீ பி. நம்ம ஆபீசு வண்டி மாடல்" என்றார். இருக்கையின் கீழ்ப் பெட்டியில் பாலிதீன் உறைக்குள் பதிவுப் புத்தகம் கிடந்தது. 1965ஆம் ஆண்டு வண்டி. பழைய சென்னை மாநிலத்து எம் எழுத்தில் தொடங்கும் எண்.

உடனிருந்த இரும்பு வியாபாரி, "இது ஆயிரம் கிலோ தேறுமுங்க, நாளைக்கு கேஸ் வெச்சு அறுத்துருவோம்" என்றார். அப்பாரு அங்கேயே 55,000 ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டார்.

இங்கேதான் குடும்பச் சண்டை. எங்கள் வீட்டு முன்கூடத்தில் நான்கு பவர் டேபிள் போட்டு அப்பா ஜாப் ஒர்க் செய்கிறார். ஒரு ஃபிளாட்லாக் மெஷின் சொந்தமாக வேண்டும் என்பது அவருடைய மூன்றாண்டுக் கனவு. அப்பாரு அஞ்சலகத்தில் போட்டு வைத்திருந்த தொகையிலிருந்து கேட்கலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொகைதான் ஜீப்பாகி, டிராக்டரில் கட்டி இழுக்கப்பட்டு, களத்துக்கு வந்து சேர்ந்தது. "ஏனுங்கப்பா, கண்ணுந் தெரியாத காலத்துல இது எதுக்குங்க?" என்றார் அப்பா. "கண்ணு இருக்கறப்பவே வேணும்னுதான் வாங்குனேன்" என்றார் அப்பாரு. அதன்பின் ஏழெட்டு மாதம் இருவருக்குமிடையே என் அம்மாதான் தபால் அலுவலகம்.

ஜீப்பின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் சிறிய, எப்பாதையிலும் ஏறும் வண்டி கேட்டது. 1940இல் முதல் மாதிரியைச் செய்தது பாண்டம் என்ற சிறு நிறுவனம். பெரிய ஆர்டர் கிடைத்ததோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. நம் நாட்டில், 1945இல் லூதியானாவில் எஃகு வணிகத்துக்காக மகிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைக் கோக்கும் உரிமை பெற்றது. பெயரில் இருந்த குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948இல் அது மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. எங்கள் வண்டி அவர்கள் செய்த சி.ஜே. 3பி. முந்தைய மாடலைவிட உயரமான புதிய இன்ஜினை உள்ளே அடக்குவதற்காகவே பானெட்டை உயர்த்தினார்களாம். அழகு கெட்டது என்பார்கள் வெளிநாட்டு ரசிகர்கள். நிமிர்ந்து நிற்கிறது என்பார் அப்பாரு.

இனி துரு. பதின்மூன்று ஆண்டுகள் மழையில் நின்ற எந்த வண்டிக்கும் துரு பிடிக்கும். ஆனால் இது பிடித்தவிதம் வேறு. பனியன் துணிக்கு அடர் நிறம் ஏற்ற, சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60 கிராமுக்கும் மேல் உப்புப் போடுவது வழக்கம். உப்பு மூட்டைகளை அடுக்கிய தரையில் நின்ற வண்டி இது. குளோரைடு அயனி இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தைத் துளைக்கும். ஈரத்தின் மின்கடத்தும் திறனையும் கூட்டும். எனவே தரைத் தகடு அப்பளமாகியிருந்தது. காலால் மிதித்தால் பூமி தெரிந்தது. நல்ல வேளையாகச் சட்டம் கனத்த இரும்பு. சுத்தியலால் தட்டினால் மணி ஓசை கேட்டது.

சிறு பாகங்களின் துருவை நீக்கியதில் அடியேனின் பங்கு உண்டு. சாயப்பட்டறை நீலப் பீப்பாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, சோடா ஆஷ் கரைத்தேன். சோடா ஆஷுக்கு நம்மூரில் பஞ்சமா? பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டிலும் கொடுத்தால் மின்னாற்பகுப்பு நடக்கும். பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். துரு இளகிக் கருஞ்சேறாகிவிடும். பிரஷ் போட்டால் கையோடு வரும். நேர்முனையில் பளபளப்பாக இருக்கிறதே என்று எவர்சில்வர் தகட்டை மட்டும் போடக் கூடாது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் தண்ணீரில் இறங்கும், அது நச்சு. ஹைட்ரஜன் எரியும் என்பதால் பீப்பாய்ப் பக்கம் பீடி கூடாது என்று அப்பாருவுக்குத் தடை விதித்தேன். அந்த வீட்டில் அவருக்கு யாரும் தடை விதித்தது அதுவே முதல் முறை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: துரு போனபின் மீதி இரும்புதான் கிடைக்கும். அரித்துப் போன கனம் திரும்பாது. எட்டு போல்ட்டுகள் சுத்தமாகி, பயனற்றவையாகி வெளிவந்தன.

துடைக்கவும் எண்ணெய் ஒற்றவும் பனியன் வேஸ்ட். நம்மூர்க் கட்டிங் மேசையில் விழுவதுதான் எத்தனையோ ஊர்ப் பட்டறைகளில் மெக்கானிக் கையில் இருக்கிறது. எங்களுக்கு அது வீட்டு வாசலிலேயே மூட்டையாகக் கிடந்தது.

மெக்கானிக் அண்ணன் கெட்டிக்காரர். ஆனால் இந்தத் தலைமுறை. இடப்பக்கச் சக்கர நட்டைக் கழற்ற ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி நின்றார். ஸ்பேனர் உடைந்தது; நட்டு அசையவில்லை. கயிற்றுக் கட்டிலிலிருந்து அப்பாரு, "எதிர்ப்பக்கம் திருப்பு சாமி. எடதுபக்கச் சக்கரத்துக்கு எடது மரை" என்றார். ஓடும்போது நட்டு தானாகத் தளராமலிருக்க அப்படி வைத்தார்களாம். அதுமுதல் அண்ணன் எதைத் தொடுமுன்னும் "ஏனுங்கய்யா?" என்று கட்டிலைப் பார்ப்பார்.

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மேட்டடார் டீசல் இன்ஜினை வைக்கலாம், செலவும் குறையும், ஓட்டவும் மலிவு என்றார் அண்ணன். நம் பக்கத்துப் பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. அதைக் குறை சொல்லவும் முடியாது. பாடுபடும் வண்டிக்கு அதுவே நியாயம். ஆனால் அப்பாரு, "அந்தச் சத்தம் எனக்கு வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்தார். பிளக் துளைகள் வழியே டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றிப் பதினெட்டு நாள் காத்திருந்தோம். பத்தொன்பதாம் நாள் முன்பக்க ஹேண்டிலைப் போட்டு அசைத்ததில் அரை அங்குலம் நகர்ந்தது. மறுநாள் கால் சுற்று. இந்த இன்ஜினில் உள்வால்வு தலைப்பகுதியிலும் வெளிவால்வு பிளாக்கிலுமாக இருக்கும். வெளிவால்வுகள் நான்கும் அரித்துப் போயிருந்தன. பிஸ்டன் ரிங் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. வால்வுகள் டெல்லி மாயாபுரியிலிருந்து பார்சலில் வந்தன. பிளாக்கைத் துளைத்துத் தந்தது கோவை லேத் பட்டறை ஒன்று. பழைய வண்டியைப் பிரித்து மாட்டும் பைத்தியம் நம் மண்ணுக்குப் புதிதல்லவே! 1893இல் சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, முதல் மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கியதும் செய்த வேலை அதைக் கழற்றிப் பார்த்ததுதான்.

2025 கார்த்திகையில் இன்ஜின் பேசியது. ஹேண்டில் போடும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, மேல்நோக்கித்தான் இழுக்க வேண்டும். கீழே அழுத்தினால் எதிர் உதை மணிக்கட்டை முறிக்கும் என்று அப்பாரு எனக்கு மூன்று முறை பாடம் எடுத்தார். நான்காம் இழுப்பில் பிடித்துக்கொண்டது.

மேல்கூரை மட்டும் பாக்கி. விலை விசாரித்துவிட்டுச் சும்மா இருந்தோம். ஒரு சனிக்கிழமைச் சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் அப்பா அளவு டேப்பை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார். ஒன்றும் பேசாமல் அளந்தார். பனியன் தைக்கும் மெஷினில் கான்வாஸ் ஓடாது; ஆகவே தார்ப்பாய்க் கடை ஒன்றில் இரவல் மெஷினில் உட்கார்ந்து இரண்டு ஞாயிறு தைத்தார். மூலைகளில் இரட்டைத் தையல், உள்ளே நாடா வைத்து மடிப்பு. பொருத்திப் பார்த்தபோது ஒரு சுருக்கம் இல்லை. அப்பாரு விளிம்பு முழுதும் விரலால் தடவிவிட்டு, "டாப்பு கம்பெனி வேலையாட்டம் இருக்குதுப்பா" என்றார். ஃபிளாட்லாக் மெஷின் இன்னும் வாங்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சாலையில் ஓட்ட இன்னும் வழியில்லை. பதிவு காலாவதியாகிப் பல ஆண்டுகள். 50 ஆண்டு கடந்து, பெரிய மாறுதல் செய்யப்படாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு தரும் விதி 2021இல் வந்தது; வி.ஏ. என்ற எழுத்துடன் எண், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அன்றாடப் பயனுக்கு ஆகாது. இன்ஜினை மாற்றாத பிடிவாதம் இங்கே கைகொடுக்கும் என்று நம்புகிறேன். விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறேன். 20,000 சேர வேண்டும்.

அதுவரை எங்கள் களம் போதும். தை முதல் நாள் மாலை, கோழிகளை அடைத்து, தங்கையை வாசலில் நிறுத்திவிட்டு, அப்பாருவை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தோம். பக்கத்தில் நான், என் கை பிரேக் லிவரில். அவர் கீழே பார்க்கவே இல்லை. கியர்க் கம்புக்கு அருகிலிருக்கும் இரு சிறு கம்புகளில் ஒன்றைத் தள்ளினார், மற்றதை இழுத்தார். நான்கு சக்கரமும் பிடித்து, மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி களத்தைச் சுற்றியது. மூன்று சுற்று. வேப்ப மரத்தருகே திரும்பும் இடத்தில் மட்டும் "சொல்லு" என்பார். "ஒடிங்க அப்பாரு" என்பேன்.

நிறுத்தி இறங்கியதும் காதைச் சாய்த்து, "பின்னால எடது டயர்ல காத்துக் கம்மி, பாரு" என்றார். அளந்து பார்த்தேன். 14 பவுண்டுதான் இருந்தது.