தூரத்து நாயனம்

ஷேக் சின்ன மௌலானாவை நான் நேரில் கேட்டதில்லை. 1999ல் அவர் காலமானபோது நான் சிறு பையன். எனக்குத் தெரிந்த மௌலானா ஒலிநாடாவில் இருப்பவர். ஸ்ரீரங்கத்துக்காரன் இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும்.

1924ல் ஆந்திராவில், ஓங்கோல் பக்கத்துக் கரவதியில் பிறந்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனதைப் பறிகொடுத்தவர். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்றுக்கொண்டு, ஸ்ரீரங்கத்துக்கே வந்து தங்கிவிட்டார். சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமத்தை ஏற்படுத்திச் சொல்லிக்கொடுத்தார். 1998ல் சங்கீத கலாநிதி. ஒரு முஸ்லிமுக்கு ரங்கநாதரிடம் இத்தனை பக்தியா என்று நெகிழ்வதோடு நம்மவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். வாசிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் பேச நினைத்தேன். அப்பாவின் டேப்ரிக்கார்டரில் ஒரு தோடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கேட்கக் கேட்க ஏமாற்றம்தான். தவில் காதில் அறைந்தது. மேல் ஸ்தாயியில் நாயனம் பிளிறியது. அம்மா உள்ளேயிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள். குறைத்தால் கமகங்கள் காணாமல் போயின. ராஜரத்தினம் பிள்ளை காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம். நாடாவில் அந்த நெருக்கடி இல்லை. இருந்தும் மௌலானா நாடாவில் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி முடித்தேன்.

அன்று சாயங்காலம் நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே பால் வாங்கக் கிளம்பினேன். உத்திர வீதித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. தவில் பின்னுக்குப் போய், தன் இடத்தில் இருந்தது. ஒத்தின் சுருதி அறுபடாமல் வந்தது. அதன்மேல் தோடியின் காந்தாரம், அவசரமில்லாமல், அசைந்து அசைந்து நின்றது. சீவாளியின் கரகரப்பு தெரியவில்லை; மூச்சு தெரிந்தது. பால் வாங்காமலே வெகுநேரம் நின்றிருந்தேன்.

நாகஸ்வரம் வீதிக்காகச் செய்யப்பட்ட வாத்தியம். சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் போய், வீட்டுக்குள் இருப்பவனை வாசலுக்கு வரவழைக்க வேண்டியது. அதைப் பத்துக்குப் பத்து அறையில், இரண்டடி தள்ளி உட்கார்ந்து எடைபோட்டிருக்கிறேன். பதிவில் குறை இல்லை என்று சொல்லவில்லை. பெரிய குறை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தது.

கட்டுரையை அனுப்பவில்லை. மௌலானாவின் பேரர்கள் காசிமும் பாபுவும் அந்தப் பாணியில் வாசிக்கிறார்கள். அவர்கள் கச்சேரிக்குப் போனால் இப்போது நான் கடைசி வரிசையைத் தாண்டி, வெளியே நின்றுகொள்கிறேன்.