மாமா பிடித்த கயிறு

கீழக்கரைக் கடற்கரையில் சென்ற மாதம் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். இளமையில் சங்கு குளித்தவர். கடலடி கலங்கிக் கிடக்கும்போது சங்கை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணை நம்பினா வெறுங்கையோடதான் வரணும், தம்பி. கைதான் பாக்கும்" என்றார்.

உடனே எனக்கு ஒரு விஷயம் நினைவு வந்தது. கைப்பேசியில் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினேன். பிரான்ஸ் தேசத்துத் தூலோன் கரைக்கு அப்பால், பதினான்காம் லூயி மன்னனுடைய 'லா லூன்' என்ற கப்பல் 1664-ல் மூழ்கியது. 2016-ல் அங்கே ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்தில் 'ஓஷன் ஒன்' என்ற யந்திர மனிதனை இறக்கினார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஊசாமா காதிப் குழுவினர் செய்தது. மேலே கப்பலில் அமர்ந்தபடி அவர் ஒரு பிடியை அசைத்தால், கீழே யந்திரத்தின் கை அசையும். அதன் கண்ணுக்குத் தெரிவது இவர் எதிரே திரையில் தெரியும். அதிசயம் அதுவல்ல. அந்தக் கை எதையாவது தொட்டால், அந்த அழுத்தம் மேலே இவர் கையிலும் உறைக்கும்! அப்படித்தான் பழைய ஜாடி ஒன்றை உடையாமல் எடுத்து வந்தார்கள்.

நம்மவர்களும் யந்திரம் இறக்கியிருக்கிறார்கள். சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'ரோசப் 6000', 2010-ல் 5,289 மீட்டர் வரை போயிற்று.

பெரியவர் பொறுமையாகப் பார்த்தார். "மேலேயும் கீழேயும் எது சேதி சொல்லுது?"

"ஒரு கம்பி. ரேடியோ அலை கடல் நீரில் வெகுதூரம் செல்லாது."

"அப்ப கயிறுதான்!" என்று சிரித்தார். "வாப்பா முத்துக் குளிக்கப் போனப்ப, தோணியில கயிறு பிடிச்சது எங்க மாமா. கீழே இழுத்தா மேலே தூக்கணும். அக்கா வாழ்க்கை அந்தக் கயித்துல இல்ல தொங்குது?"

அந்த யந்திரத்தின் தத்துவம் முழுவதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கீழே நடப்பது மேலே இருப்பவன் கையில் உறைக்க வேண்டும்.

"ஆனால் உங்கள் தொழிலை யந்திரம் பறித்துக்கொள்ளுமே!" என்றேன், பரிதாபத்தோடு.

அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இது கேக்காது. தண்ணி அழுத்தத்துல போச்சு. யந்திரத்துக்குக் காது போகாதுல்ல? அதுவே எறங்கட்டும்."

நான் மௌனமானேன். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்:

"ஆனா அந்தப் பிடியை எங்கிட்டக் குடுக்கச் சொல்லு, தம்பி. கையில பட்டது சங்கா, கல்லான்னு நான் சொல்றேன்."