பிளக்கின் மேல் பழி

மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லையா, பழி பிளக் மேல்தான். உம்பாயிலிருந்து மெர்லிமாவ் வரை எந்த மோட்டார் கடை வாசலில் போய் நின்றாலும் இந்தத் தீர்ப்பைக் கேட்கலாம். "பிளக் கரி புடிச்சிருச்சிண்ணே, மாத்திரலாம்." பத்து வெள்ளிக்குள் முடிகிற செலவு. புதுப் பிளக்கைப் போட்டு ஒரு உதை உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் சந்தோஷம். போன முறையும் இதே கதைதான் நடந்தது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது.

பிளக் கரியை உண்டாக்குவதில்லை. கரி வேறெங்கோ உண்டாகி அதன் மேல் வந்து படிகிறது. அதைக் கழற்றித் துடைத்துப் போடுவதும் தூக்கியெறிவதும் ஒன்றுதான்; இரண்டிலும் அழிவது கரி மட்டுமே, காரணம் அப்படியே உள்ளே இருக்கும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

இந்தச் சின்னச் சாமானின் வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். 1902இல் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் கம்பெனியில் வேலை செய்த கோட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதோடு சேர்ந்து வேலை செய்யும் பிளக்கையும் உருவாக்கினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான், அதற்கு வெளியே மரை வெட்டிய இரும்புக் கூடு, கூட்டின் முனையிலிருந்து வளைந்து வரும் ஒரு சின்னக் கொக்கி. நடுக் கம்பிக்கும் கொக்கிக்கும் உள்ள இடைவெளி நம் ஊர் ஹோண்டா சி70, ஈஎக்ஸ்5 போன்ற மோட்டார்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறுகிற மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவும்போதுதான் பொறி தெறிக்கிறது.

பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. கரி கடத்தும். தொல்லை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. பீங்கான் மூக்கின் மேல் கரி படர்ந்து இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டால், மின்சாரம் எதற்குத் தாவ வேண்டும்? கரி போட்டுக் கொடுத்த பாதையிலேயே வழிந்து போய்விடும். பொறி பலவீனமாகும், இல்லையென்றால் தெறிக்கவே தெறிக்காது. தெறிக்காத பொறியால் எரியாமல் போன பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கரியைக் கூட்டும்.

பிளக்கைச் செய்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. பீங்கான் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாண்டினால், படிந்த கரி தானாகவே எரிந்து போகும். 870 டிகிரியை நெருங்கினாலோ வேறு ஆபத்து: பொறிக்கு முன்பே அந்தச் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்வரை பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதைத் துடைக்க ஆள் வேண்டியதில்லை. சூடேற நேரம்தான் வேண்டும்.

நம் வட்டாரத்தில் மோட்டாருக்குக் கிடைக்காதது அந்த நேரம்தான். வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து பசார், அங்கிருந்து பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம். எஞ்சின் சூடாகுமுன் ஊர் முடிந்துவிடுகிறது. நம் சி70க்கு மூத்த அண்ணனான ஹோண்டா சூப்பர் கப் 1958இல் ஜப்பானில் வந்தபோதே அங்கு அதைக் கண்டு, நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கு லோ பூன் சியூ. அந்த வகை மோட்டார் 2017இல் உலகம் முழுவதும் பத்துக் கோடியைத் தொட்டது. அதில் நம் தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர்ந்தவை எப்படி உழைத்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே, எஞ்சின் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருக்கும்போது சோக்கை இழுத்து உதைக்க வேண்டும். பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு, நிரைக்கு நிரை நிறுத்தி நிறுத்தி, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே ஊர்ந்து போக வேண்டும். சோக்கைத் திரும்பத் தள்ள மறந்துவிடும் நாட்களும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் இந்த ஓட்டம் பெரிதாக மாறிவிடவில்லை. இப்படி ஓடுகிற மோட்டாரில் கரி பிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

என் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய சி70ஐ அவர் பார்த்துக்கொள்ளும் விதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதம் தவறாமல் பிளக் மட்டும் கரியாகிவிடும். ஒருநாள் அவரோடு மோட்டார் கடைக்குப் போனேன். சீனத் தவுக்கேயும் வயதானவர்தான். பிளக் தொப்பியை இழுத்தார், சுற்றியிருந்த செம்மண் தூசியைக் காற்றடித்து ஊதினார். கழற்றும்போது அந்தத் தூசி சிலிண்டருக்குள் விழுந்துவிடக் கூடாதே. 16 மில்லிமீட்டர் குழாய்ச் சாவியை மாட்டிப் பிளக்கைக் கழற்றினார். கழற்றியதும் துடைக்கவில்லை. விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் மூக்கை ஒரு தடவை தொட்டார், விரலை எங்களிடம் நீட்டினார். வெல்வெட் மாதிரி காய்ந்த கறுப்பு.

"அங்கிள், நீங்க ரொம்ப மெதுவா ஓட்டுறீங்க."

பெரியவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இந்த வயசுல என்ன ரேஸா ஓட்டச் சொல்ற?"

தவுக்கே சிரித்துக்கொண்டே ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். சிவப்பாக அடைத்துக் கிடந்தது. காற்று குறைந்தால் பெட்ரோல் பங்கு கூடிப்போகும். கூடின பெட்ரோல் முழுதாக எரியாமல் கரியாகும். அன்றைக்குப் பெரியவர் வாங்கியது பிளக் அல்ல, ஃபில்டர். பழைய பிளக்கையே சுத்தம் செய்து திரும்பப் போட்டுக் கொடுத்தார் தவுக்கே. கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: வாரத்துக்கு ஒருமுறை மூவார் போகிற கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட்டுங்கள், வேகம் வேண்டாம், ஒரே சீராகப் போனால் போதும். பெரியவர் இப்போது அதை மருந்து சாப்பிடுகிற கணக்காகச் செய்கிறார். மெர்லிமாவில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புகிறார் என்பது அவருடைய மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கறுப்பிலும் இரண்டு கறுப்பு உண்டு, அதையும் பார்க்க வேண்டும். விரலில் மாவாக ஒட்டினால் பெட்ரோல் கூடிப்போனது, காற்று குறைந்தது, சோக், குறுகிய ஓட்டம், இவற்றில் ஒன்று. ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு மினுங்கினால் விஷயம் வேறு: பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எஞ்சின் எண்ணெய் உள்ளே ஏறுகிறது. இதற்குப் பிளக் மாற்றுவது வீண் செலவு, எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். நல்ல பிளக்கின் மூக்கு தே தாரிக் நிறத்தில் இருக்கும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிருந்தால் சூடு எல்லை மீறுகிறது என்று அர்த்தம். அது கறுப்பை விட மோசம்.

பிளக்கிலேயே சூட்டு எண் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. என்ஜிகே, டென்சோ பிளக்கில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்தது. எண் இறங்கினால் சூடானது. சாம்பியன், போஷ் பிளக்கில் இதற்கு நேர் எதிர். எஞ்சின் புத்தகத்தில் 6, 7 இரண்டும் போடலாம் என்றிருந்தால், மெதுவாக ஓட்டுகிற பெரியவருக்கு என்ஜிகே 6 நல்லது. நம் பையன்கள் செய்வதோ தலைகீழ். யமஹா ஆர்எக்ஸ்இசட்டில் ரேஸ்காரன் போடுகிற குளிர்ந்த பிளக்கைப் போட்டுக்கொண்டு, அதிலேயே அம்மாவுக்குத் தேங்காய் வாங்கக் கடைக்குப் போவார்கள். போகிற வழியில் எஞ்சின் இருமும். பிறகு பிளக் போலி என்பார்கள்.

டூ ஸ்ட்ரோக் என்றாலே கரி கூடுதல்தான், பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்தே எரிகிறதே. மோட்டாரிலாவது பம்ப் அளந்து எண்ணெய் கொடுக்கும். புல் வெட்டும் மெஷினில் அதுவும் இல்லை, நாமே கலந்து ஊற்ற வேண்டும். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய், ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 மில்லி. எத்தனை பேர் அளக்கிறோம்? போத்தலைச் சாய்த்து, கலர் வந்ததும் நிறுத்துகிறோம். "கொஞ்சம் கூடவே ஊத்து, எஞ்சினுக்கு நல்லது" என்று சொல்லாத புல் வெட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. கூடுதல் எண்ணெய் எஞ்சினைக் காப்பாற்றுவதை விடப் பிளக்கையும் சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலையையும் அடைப்பதுதான் அதிகம். மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே சாலையோரம் பேசிக்கொண்டு நிற்பது அடுத்த கோளாறு. மெல்ல முனகிக்கொண்டு நிற்கும் எஞ்சினில் பிளக் 450 டிகிரியைப் பார்ப்பதே இல்லை. வெட்டினால் வெட்டுங்கள், பேசினால் நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

கடலோரத்திலும் இதே கதைதான். வலை இழுக்கும்போது படகு எஞ்சின் முனகிக்கொண்டு நிற்கும், கரி பிடிக்கும். கரையில் நின்றால் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். புலாவ் பெசாருக்கும் கரைக்கும் நடுவில் நின்றால் எதைத் தள்ளுவது? அதனால் படகுக்காரர்கள் மாற்றுப் பிளக்கும் சாவியும் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்த நேரத்தில் காரணம் தேட நேரம் கிடையாது.

இந்த வரிசையில் சேராதது ஒன்றே ஒன்று, டெங்கிக் கொசுவுக்குப் புகையடிக்கும் மெஷின். அதிலும் பிளக் உண்டு, ஆனால் தொடங்கும்போது மட்டும்தான் அதற்கு வேலை. ஓட ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே அடுத்தடுத்த வெடிப்பு நடக்கும், பொறி தேவையில்லை. காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்துக்குள் பிளக் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சுத்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவசரத்துக்குச் செய்யத்தான் வேண்டும், ஆனால் நாம் செய்கிற முறைகளில் பாதி தப்பு. இரும்புக் கம்பி பிரஷ்ஷால் பீங்கானைத் தேய்த்தால், பிரஷ்ஷின் இரும்பு பீங்கானில் கோடாக ஒட்டிக்கொள்ளும். கரி போட்ட பாதையை எடுத்துவிட்டு இரும்பில் புதுப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. மணல் அடித்துச் சுத்தம் செய்தால், மூக்குக்கும் கூட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மணல் தங்கும். அது சிலிண்டருக்குள் உதிர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. பிளக்கைக் கேஸ் அடுப்பில் சுட்டு, சூட்டோடு பெட்ரோலில் முக்குகிற வீரர்களும் இருக்கிறார்கள். பீங்கானில் விரிசல் விழுந்தால் பிளக்தான் போகும். பெட்ரோல் பற்றினால் சமையலறையே போகும். கார்புரேட்டர் கிளீனரை அடித்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டாலே போதும். இடைவெளியைச் சரிசெய்யும்போது கொக்கியை மட்டும்தான் வளைக்க வேண்டும், நடுக் கம்பியை நெம்பக் கூடாது. திரும்பப் போடும்போது முதலில் விரலாலேயே திருகுங்கள். எஞ்சினின் தலை அலுமினியம், மரை கோணலாக ஏறினால் பத்து வெள்ளிச் சாமானுக்காகப் பெரிய செலவு வைத்துவிடும். புதுப் பிளக் என்றால் விரலுக்கு இறுகிய பிறகு வாஷர் நசுங்க இன்னும் அரைச் சுற்று. பழைய பிளக்குக்கு அதில் சின்னப் பங்கே போதும், அதன் வாஷர் ஏற்கெனவே நசுங்கியதுதான்.

இப்போது வருகிற ஈஎக்ஸ்5இல் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைக் கணக்குப் பார்த்துத் தெளிக்கிறது. சோக்கும் இல்லை, தள்ள மறக்கவும் வழியில்லை. கரித் தொல்லை அதில் பெருமளவு குறைந்துவிட்டது. நான் சொல்கிறதெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார்களுக்கும், இன்னும் பல காலம் சத்தம் போடப்போகிற புல் வெட்டும் மெஷின்களுக்கும்தான்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கடையில் பிளக் மாற்றினால், பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் துடைப்பதற்கு முன்பே வாங்குங்கள். காய்ந்த கறுப்பா, ஈரக் கறுப்பா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்த கறுப்பாக இருந்தால், காசு கொடுப்பதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.