வற்றாப்பளை வழியில் ஒரு பாட்டு

மாங்குளத்துச் சந்தியிலிருந்து கிழக்கே திரும்பும் வீதி, காடும் வயலும் மாறி மாறி வர, ஒட்டுசுட்டானையும் முள்ளியவளையையும் கடந்து முல்லைத்தீவுக் கடலைச் சென்றடைகிறது. சென்ற வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாணவர் சிலருடன் அவ்வழியே பஸ் வண்டியிற் சென்றேன். வண்டியில் 'சுராங்கனி' முழங்கிக்கொண்டிருந்தது.

"சேர், இது இந்தியப் படப்பாட்டைப் பார்த்து எங்கட ஆக்கள் பாடினதுதானே?" என்றான் ஒருவன்.

உண்மை அதற்கு நேர்மாறானது. ஏ. ஈ. மனோகரன் பாடி இலங்கையெங்கும் பரவிய அந்தப் பாட்டின் மெட்டு, 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில், இளையராஜாவின் இசையில், தமிழகத்துக்குச் சென்றது. இதைக் கேட்டதும் மாணவர்கள் மார்தட்டினர். அவர்களைச் சற்றே பொறுத்திருக்கச் சொன்னேன். அந்தப் பாட்டுத் துள்ளும் பைலாத் தாளம், 1505 இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயரும் ஆபிரிக்க மக்களும் நமக்கு விட்டுச்சென்ற சொத்தன்றோ! பாட்டின் சொற்களோ சிங்களமும் தமிழும் கலந்தவை. அப்படியாயின் இது எவருடைய பாட்டு?

இக்கேள்வியோடுதான் நந்திக்கடலோரத்துக் கண்ணகை அம்மன் சந்நிதியை அடைந்தோம். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து, பல இடங்களில் தங்கிப் பத்தாவதாக அமர்ந்தமையால் இவ்விடம் 'பத்தாம்பளை' எனப்பட்டுப் பின் வற்றாப்பளை ஆயிற்று என்பது ஐதிகம். பொங்கலுக்கு ஒரு வாரத்துக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்பு நீரைக்கொண்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றுவது மரபு. கதை சோழநாட்டிலும் பாண்டிநாட்டிலும் நடந்தது. கடல்நீரில் எரியும் விளக்கோ வன்னி மண்ணுக்கே உரியது. வற்றாப்பளைக் கண்ணகியை இரவற் கண்ணகி என்று சொல்லத் துணிவார் யார்?

கண்ணகி கதையை இவ்வட்டாரத்தார் கோவலன் கூத்தாக ஆடுவர். அதன் பாங்கை 'முல்லைமோடி' என்பர். பொங்கல் முடிந்தபின் முள்ளியவளையில் முதிய அண்ணாவியார் ஒருவரைக் கண்டோம். என் மாணவருள் ஒருவன் அவருடைய பழைய ஒலிப்பதிவொன்றைக் கைத்தொலைபேசியிற் பலமுறை கேட்டு, ஒரு பாட்டைப் பாடம் செய்திருந்தான். அதை அவர் முன்னிலையிலேயே பாடினான். இழுப்பும் குழைவும் இம்மியும் பிசகவில்லை. இடையில் ஓரிடத்தில் நிறுத்தி, மெல்லச் செருமவும் செய்தான்.

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, அந்தச் செருமல் என்ர. அண்டைக்கு எனக்குத் தடிமன். அதை விட்டுப்போட்டு, உன்ர தொண்டையாலை பாடு."

ஒலிப்பதிவின் பெருமையும் ஆபத்தும் இந்தச் செருமலில் அடங்கியிருக்கின்றன எனலாம். கூத்துக்களரியில் ஒரு பாட்டு இன்றிருந்தவாறு நாளை இராது. பாடுவோரின் மூச்சுக்கும் மத்தளத்தின் அடிக்கும் ஏற்ப அது நீளும், குறுகும். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கமோ ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அந்த மூன்று நிமிடத்தில் பதிவானதே மூலம் என்றும், மற்றதெல்லாம் பிழை அல்லது நகல் என்றும் எண்ணும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

நம் முன்னோர் மெட்டை இரவல் வாங்க நாணியதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில், பாட்டின் தலைப்பிலேயே இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். கடன் வாங்கினார்கள், கடன் கொடுத்தவரையும் சொன்னார்கள். மெட்டுகள் ஒருவழிப் பாதையிற் செல்வதுமில்லை. 1955 இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வுக்கு எஸ். ராஜேஸ்வர ராவ் அமைத்த மெட்டொன்று, 1957 இல் 'மிஸ் மேரி' என்ற இந்திப் படத்திற் புகுந்தது. ஆகவே மெட்டு எங்கிருந்து வந்தது என்பது பாதிக் கேள்வியே. பாடுபவர் அதனோடு தமதாக எதைச் சேர்த்தார் என்பதே மீதிக் கேள்வி.

விடைபெறும் வேளையில் அண்ணாவியார் சொன்ன செய்தி நெஞ்சைத் தைத்தது. தகப்பனார் கைப்பட எழுதிய கூத்துக் கொப்பிகள் 2009 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தொலைந்துபோயினவாம். இப்பொழுது அவருடைய நினைவே ஏடு. அந்த ஏடும் எத்தனை நாளைக்கு?

அதனால், செருமலோடாயினும் பதிவு செய்யத்தான் வேண்டும் என்று மாணவர்க்குச் சொன்னேன். பாடியவர் பெயர், ஊர், நாள், மெட்டு வந்த வழி ஆகியவற்றையும் உடன் எழுதிவைக்குமாறு பணித்தேன். ஒரே பாட்டை இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பதிவு செய்தால், எது பாட்டு, எது பாடுபவர் என்பது தானே விளங்கும்.

திரும்பும் வழியில், ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் அந்தப் பையன் மீண்டும் பாடினான். ஓரிரு இடங்களிற் சுருதி விலகியது. ஓரிடத்தில் புதிதாக ஒரு வளைவும் விழுந்தது. செருமல் மட்டும் இல்லை. அந்தக் குரலில் முதன்முறையாக அவனைக் கேட்டேன்.