சிறுபெட்டியும் பெரும்பெட்டியும்

கணினி வாங்குவது பற்றி எழுதுவதற்குக் கலைப் பட்டதாரியான ஒரு பத்திரிகையாளனுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கணினியின் முன் அமர்ந்து சோறு உண்டவன் என்ற முறையிலும், அண்மையில் எங்கள் வீட்டில் மூன்று வாரங்கள் நீடித்த ஒரு வாதத்தில் ஒரு தரப்பாக இருந்தவன் என்ற முறையிலும் சில விடயங்களைச் சொல்லலாம் என எண்ணுகிறேன். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் பல வீடுகளில் இதே வாதம் நடந்துகொண்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாதத்தைத் தொடக்கி வைத்தது மைக்ரோசொஃப்ட் நிறுவனம். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை அது 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. எங்கள் வீட்டுக் கணினி 2014 இல் வாங்கியது. இன்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறைச் செயலியைக் கொண்டது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. லினக்ஸுக்கு மாறலாமே என்று நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார். நல்ல ஆலோசனைதான். ஆனால் பக்கங்களை வடிவமைக்க நான் பயன்படுத்தும் இன்டிசைன் லினக்ஸில் இயங்குவதற்கென ஆக்கப்பட்டதன்று. ஆகவே புதிய கணினி ஒன்று வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். ஒரு மொழிபெயர்ப்புப் பணிக்குக் கிடைத்த கொடுப்பனவும் வீட்டுச் சேமிப்பும் சேர்ந்து நான்கு இலட்சம் ரூபா கையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

நான் கேட்டது உள்ளங்கை அகலத்துப் பெட்டி ஒன்றை. அப்பிள் நிறுவனம் 2005 இல் மக் மினியை வெளியிட்ட காலத்திலிருந்தே அந்த வகைக் கணினிகள் மீது எனக்கு ஒரு கண். பின்னர் 2012 இல் இன்டெல் நிறுவனம் நக் என்ற பெயரில் நான்கு அங்குலச் சதுரப் பெட்டிகளை அறிமுகப்படுத்தியது. அதைப் பின்பற்றிச் சீன நிறுவனங்கள் பலவும் இறங்கின. 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த மக் மினியின் அகலம் 12.7 சென்ரிமீற்றர் மட்டுமே. உயரம் 5 சென்ரிமீற்றர். மேசையில் ஓர் அகராதி பிடிக்கும் இடத்தைக்கூட அது பிடிக்காது. வாங்கி, மின்னைச் செருகி, எழுதத் தொடங்கலாம். எழுத்து வேலைக்கு வேறென்ன வேண்டும்?

என் மகள் கேட்டது வேறு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவள். பாகம் பாகமாகத் தெரிந்து, கூட்டிப் பொருத்தும் பெரிய பெட்டி அவளுக்கு வேண்டும். கடைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கேமிங் பிசி’.

"அப்பா, உங்களுக்கு எழுதத்தான் கணினி வேணும். எனக்கு அதில வரைய வேணும். உங்கட சின்னப் பெட்டி எழுதும், வரையாது" என்றாள்.

"சரி பிள்ளை, கரண்ட் பில் ஆர் கட்டுறது?" என்று கேட்டேன்.

இந்தப் பெயர்தான் பல வீடுகளில் பெற்றோரைக் கலவரப்படுத்துகிறது. விளையாட்டுக்கு நான்கு இலட்சமா என்ற கேள்வி உடனே எழும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் விலை உயர்ந்த பாகமாக இருப்பது கிராபிக்ஸ் கார்ட். ஒரே வகையான கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுவதே அதன் தொழில். விளையாட்டில் ஓடும் குதிரையின் நிழலைக் கணிப்பதும், முப்பரிமாணத்தில் வரைந்த சுவரில் மாலை வெயில் எப்படி விழும் என்று கணிப்பதும் அதற்கு ஒன்றே. என் மகள் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாணம் பழகிக்கொண்டிருக்கிறாள். அவள் வரைந்துகொண்டிருப்பது எங்கள் மயிலிட்டி வீட்டை.

அந்த வீடு இப்போது இல்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்தபோது என் அம்மா கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தவர். 27 வருடங்கள் கழித்து, 2017 ஜூலையில் மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது நாங்கள் போய்ப் பார்த்தோம். அத்திவாரக் கற்கள் சிலவும் தூர்ந்த கிணறும் இருந்தன. சுவர் என்று எதுவும் இல்லை. ஒரு கல்யாணப் படத்தின் பின்புறத்தில் தெரியும் தலைவாசலைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு படமும் இல்லை. அப்பம்மா வாயால் சொல்லச் சொல்ல, பேர்த்தி அதைக் கணினியில் கட்டி வருகிறாள். எத்தனை தூண், தூணின் பருமன் எவ்வளவு, கிணற்றடிக்குப் போகும் வாசல் எந்தப் பக்கம் என்று இருவரும் பின்னேரங்களில் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு 84 வயது. இதைத் தள்ளிப்போட முடியாது என்பது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

இனிக் கணக்குக்கு வருவோம். அசையும் படத்தின் ஒரு விநாடிக்கு 24 தனிப்படங்கள் வேண்டும். அந்த வீட்டுக்குள் நடந்து போவதுபோல ஒரு நிமிடக் காட்சி எடுப்பதென்றால் 1440 தனிப்படங்கள். எங்கள் பழைய கணினி ஒரு தனிப்படத்தை முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது. மொத்தம் 120 மணிநேரம்; இரவு பகலாக ஐந்து நாட்கள். அதே கோப்பை மகளின் தோழி வீட்டில், நடுத்தரமான கிராபிக்ஸ் கார்ட் பொருத்திய கணினியில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு தனிப்படத்துக்கு 15 விநாடி. மொத்தம் ஆறு மணிநேரம். அப்பம்மா "இல்லைப் பிள்ளை, அந்த யன்னல் கிழக்குப் பக்கம்" என்று திருத்தம் சொன்னால், ஐந்து நாட்கள் காத்திருப்பதற்கும் மறுநாள் காலையில் காட்டுவதற்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

மின்சாரம் பற்றிய என் கேள்வி வேடிக்கையானதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாடு இது. கட்டணத்தை 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தினார்கள். பின்னர் குறைப்புகள் வந்தாலும் அந்தப் பட்டியல்களை வீட்டுக்காரர் எவரும் மறந்துவிடவில்லை. வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. ஒரு படியைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட அலகுகளுக்கு விலை கூடும். ஆகவே இதற்கும் கணக்குப் பார்த்தேன். சிறிய கணினியும் திரையும் சேர்ந்து எழுத்து வேலையின்போது சுமார் 50 வாற்று எடுக்கும். நாளுக்கு எட்டு மணிநேரம் எழுதினால் மாதத்துக்கு 12 அலகு. நடுத்தரமான கார்ட் உள்ள பெரிய கணினி முழு வேகத்தில் உழைக்கும்போது 250 வாற்று அளவில் எடுக்கும். ஆறு மணிநேரத்துக்கு ஒன்றரை அலகு. பழைய கணினி 100 வாற்றில் 120 மணிநேரம் ஓடினால் 12 அலகு! அதாவது, கனமான வேலையைப் பெரிய பெட்டி குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடுகிறது. அதையே நாள் முழுவதும் மின்னஞ்சல் பார்ப்பதற்குத் திறந்து வைத்திருந்தால்தான் வீண்செலவு.

ஆனால் மின்வெட்டு நேரத்தில் சிறுபெட்டிக்கு நிகரில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ் ஒன்றினுள் இருப்பது பொதுவாக 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி பற்றரி. பெருக்கிப் பார்த்தால் 84 வாற்று-மணி. இழப்புகளைக் கழித்தாலும் சிறுபெட்டியும் திரையும் ஏறக்குறைய ஒரு மணிநேரம் தாங்கும். ஒரு கட்டுரையை முடித்து அனுப்பிவிடலாம். பெரிய பெட்டி முழு வேகத்தில் இருக்கும்போது பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சர் சொன்னார் அல்லவா? குரங்கை நம்பிப் பத்திரிகை நடத்த முடியாது.

அடுத்தது, திருத்துதல். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு அண்மையில் இருக்கிறது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பெரிய பெட்டியைத் திறக்கலாம், தூசு தட்டலாம், பழுதான ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். 1995 இல் இன்டெல் வகுத்த ஏரிஎக்ஸ் என்ற அளவுமுறைக்கு அமைந்த பெட்டிகள் இன்றும் விற்பனையாகின்றன. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 என்ற பொருத்துவாய் 2016 இல் வந்தது. 2022 இலும் அதற்குப் புதிய செயலிகள் வெளியாகின. பலகையை வைத்துக்கொண்டு செயலியை மட்டும் மாற்ற முடிந்தது. சிறுபெட்டிகள் பலவற்றில் செயலி பலகையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. பலகை போனால் பெட்டியே போயிற்று. நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் மாற்றக்கூடிய சிறுபெட்டிகள் உண்டு. மக் மினியில் நினைவகத்தை வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும், பின்னர் கூட்ட முடியாது.

இது விலையையும் பாதிக்கும் விடயம். 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் உலகெங்கும் நினைவகத்தின் விலை ஏறியது. மைக்ரோன் நிறுவனம், வீட்டுப் பாவனையாளர்களுக்கான குறூஷல் வியாபாரத்திலிருந்து விலகுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. பம்பலப்பிட்டியில் நாங்கள் விலை கேட்ட கடையில், "ஐயா, இந்த விலை நாளைப் பின்னேரம் வரைக்கும்தான்" என்றார்கள். மரக்கறிச் சந்தையில் கேட்டுப் பழகிய வார்த்தை. இப்படியான காலத்தில் இன்று பாதி, ஆறு மாதம் கழித்து மீதி என்று வாங்க இடம் தரும் பெட்டியே சம்பளக்காரனுக்கு ஏற்றது.

மூன்று வாரங்களின் முடிவில் நாங்கள் கண்ட வழி இதுதான். எனக்குப் புதிய சிறுபெட்டி வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் சில வருடங்கள் பாவித்துவிட்டுக் கழிக்கும் ஒரு லீற்றர் அளவிலான அலுவலகக் கணினிகள் கொழும்பில் கிடைக்கின்றன. டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி என்பன அந்த வகை. எட்டாம் தலைமுறைச் செயலியுடன் ஒன்று 55 ஆயிரம் ரூபாவுக்குக் கிடைத்தது. வாங்குவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும்: செயலியின் தலைமுறை, சேமிப்பகத்தின் ஆரோக்கியம், உடன் தரப்படும் மின்வழங்கி அசலா என்பது. மீதிப் பணத்தில் மகளின் பெட்டி. வர்ண விளக்குகள் வேண்டாம், கண்ணாடிப் பக்கம் வேண்டாம் என்று அவளே சொன்னாள். செயலிக்கு ஏஎம்4 பலகை, ஆர்டிஎக்ஸ் 5060 கார்ட், நினைவகம் இப்போதைக்கு 16 ஜிபி, பக்கத்து இடம் வெறுமை. அந்தக் கார்ட்டின் உச்ச மின்பாவனை 145 வாற்று. அதே குடும்பத்தின் மூத்த அண்ணரான 5090 இன் பாவனை 575 வாற்று. 2025 ஜனவரியில் வெளியானபோது அதன் விலை 1,999 டொலர். எங்கள் முழு வரவுசெலவுத் திட்டத்தையும் விட அதிகம்.

எனக்கும் அந்தப் பெரிய பெட்டியில் ஒரு பங்கு உண்டு. 2001 முதல் நான் எழுதியவை பழைய வன்தட்டுகளில், பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. சிறுபெட்டிக்குள் அந்தத் தட்டுகளுக்கு இடமில்லை. மகள் அவற்றைத் தன் பெட்டிக்குள் திருகி வைத்து, ஒவ்வொரு கோப்பாக யுனிகோட்டுக்கு மாற்றித் தருகிறாள்.

எந்தக் கணினி நல்லது என்று என்னிடம் கேட்போரிடம் நான் இப்போது திருப்பிக் கேட்பது, அதில் யார் என்ன வேலை செய்யப் போகிறார் என்பதைத்தான். எழுதுபவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் படம் பார்ப்பவருக்கும் சிறுபெட்டி தாராளம். கட்டுபவருக்கும் வரைபவருக்கும் பெரும்பெட்டி தேவை. அதற்கு விளையாட்டின் பெயர் சூட்டப்பட்டிருப்பது வியாபாரிகளின் விருப்பம். பிள்ளை கேட்கும்போது பெட்டியின் பெயரைக் கேட்டுக் கோபப்படாமல், அதற்குள் எதைச் செய்யப் போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். விளையாடத்தான் என்று பதில் வந்தால் அதையும் பேசித் தீர்க்கலாம்.

சென்ற ஞாயிறு தலைவாசல் முடிந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, திண்ணை இவ்வளவு உயரமில்லை, ஒரு சாண் குறைக்க வேண்டும் என்றார்.