பந்துக்குள் போகாத பிக்காச்சு

1996இல் ஜப்பானில் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளிவந்த போக்கிமான் விளையாட்டில், ஆடுபவர் தாவரம், நெருப்பு, நீர் ஆகிய வகைகளைச் சேர்ந்த மூன்று உயிரிகளுள் ஒன்றைத் துணையாகத் தேர்ந்து பயணத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பிக்காச்சுவோ காட்டில் அரிதாக எதிர்ப்படும் சிறு மின்விலங்கு, அவ்வளவே.

1997 ஏப்ரலில் தொடங்கிய அசைபடத் தொடர் அம்மூன்றையும் விட்டுவிட்டு, பிடிபட்ட உயிரிகளை அடைத்துவைக்கும் பந்துக்குள் நுழைய அடம்பிடித்து மறுக்கும் பிக்காச்சுவையே, பிற நாடுகளில் ஆஷ் என்று அறியப்படும் சிறுவன் சத்தோஷிக்குத் தோழனாக்கியது.

குழந்தைகள் எதை விரும்பினார்கள் என்பதை விளையாட்டை உருவாக்கியவர்கள் விரைவிலேயே உணர்ந்துகொண்டிருக்க வேண்டும். 1998இல் வந்த மஞ்சள் பதிப்பில் பிக்காச்சு, தொடரில் போலவே பந்துக்கு வெளியே, ஆடுபவரின் பின்னால் நடந்து வந்தது.

தழுவலைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இப்படியொரு பேறு, திரைப்படமாகும் நாவல்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இனி இவற்றுள் எதை மூலம் என்பது, எதைத் தழுவல் என்பது?