தூங்கும்போது தந்த பணம்

நீண்ட பதிவு. இணைய ஏலத் தளங்களில் பழைய நூல்களையும் படங்களையும் தேடும் ஆய்வு மாணவர்களாவது இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, கொல்கத்தாவில் நான் தங்கியிருக்கும் அறையில் கண்விழித்தபோது, வங்கியிடமிருந்து மூன்று குறுஞ்செய்திகள் காத்திருந்தன. நள்ளிரவு கடந்து 1.10க்கு ஒரு தொகை எடுக்கப்பட்டிருந்தது. 2.40க்கு இன்னொன்று. 3.20க்கு வந்த மூன்றாவது செய்தி, கணக்கில் போதிய இருப்பு இல்லாததால் பரிவர்த்தனை மறுக்கப்பட்டதாகக் கூறியது. உறங்கப் போகும்போது கணக்கில் 10,900 ரூபாய் இருந்தது. எழுந்தபோது ஏறத்தாழ 3,200 ரூபாய். ஐந்தாம் தேதிக்குள் அறை வாடகையில் என் பங்காக 5,000 ரூபாய் தர வேண்டும். ஆய்வு உதவித்தொகை எந்தத் தேதியில் வரும் என்பதை அறிந்தவர் எங்களில் எவரும் இல்லை.

திருட்டு என்றுதான் முதலில் எண்ணினேன். அட்டையை முடக்குவதற்காக வங்கியின் செயலியைத் திறந்தபோதுதான் பணம் போன இடத்தின் பெயரைக் கண்டேன். அது நான் நன்கறிந்த ஒரு வெளிநாட்டு ஏலத் தளம். பணத்தை எடுக்க ஒப்புதல் அளித்தவனும் நானே.

என் ஆய்வு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த கல்கத்தாப் பட அஞ்சலட்டைகளைப் பற்றியது. 1874இல் திறக்கப்பட்டு, 1943இல் இன்றைய ஹௌரா பாலம் வரும்வரை ஹூக்ளி ஆற்றின்மேல் கிடந்த மிதவைப் பாலம் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. இங்கே அச்சிட்டு விற்கப்பட்ட இவ்வட்டைகளில் பெரும்பங்கு கடல் கடந்து போய்விட்டது. ஊர் திரும்பிய அதிகாரிகளின் பெட்டிகளிலும், உறவினர்களின் தொகுப்பேடுகளிலும் தங்கிவிட்டது. எனவே கல்கத்தாவைப் பற்றி ஆராய்பவன் இங்கிலாந்தின் சிற்றூர் வணிகர்களிடம் கையேந்த வேண்டியிருக்கிறது.

அத்தளத்தில் ஏலம் கேட்பதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. விற்பவர் ஒரு விலை குறித்திருப்பார். நாம் அதற்குக் குறைவாக ஒரு விலை சொல்லலாம். 48 மணி நேரத்துக்குள் அவர் ஏற்கலாம், மறுக்கலாம், மறுவிலை சொல்லலாம். முன்பெல்லாம் அவர் ஏற்ற பிறகு நாம் உள்ளே சென்று பணம் செலுத்துவோம். இப்போது விலை சொல்லும்போதே அட்டை எண்ணைப் பதிந்துவிட வேண்டும். அவர் ஏற்ற கணமே பணம் தானாக எடுக்கப்படும். இம்மாற்றத்தை அறிவிக்கும் வரி, நான் அழுத்திய பொத்தானுக்கு நேர் மேலே இருந்தது. அதை நான் வாசித்தும் இருந்தேன். வாசித்ததை நம்பவில்லை என்பதே உண்மை.

அன்றிரவு அதே பாலத்தின் ஒரே படம் கொண்ட மூன்று அட்டைகள், மூன்று வணிகர்களிடம் இருந்தன. இரண்டு அட்டைகள் எழுதப்படாதவை. மூன்றாவதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய சில வரிகளும் அஞ்சல் முத்திரையும் இருந்தன. தளத்தில் இருந்த படம் மங்கலாக இருந்ததால் வரிகளைப் படிக்க இயலவில்லை. என் மூன்றாம் இயலுக்கு உண்மையில் வேண்டியிருந்தது அந்த அட்டைதான். ஆனால் அதன் வணிகர் விலை குறைப்பார் என்று நான் நம்பவில்லை. ஆகவே மூவருக்கும் விலை சொன்னேன்: 30 பவுண்டு, 28 பவுண்டு, 32 பவுண்டு. யாரேனும் ஒருவர் இசைந்தால் போதும், மற்றவர்களிடம் ஏதேனும் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

மூவரும் இசைந்தனர். எழுதப்படாத இரண்டு அட்டைகளுக்கும் பணம் போயிற்று. எழுதப்பட்ட அட்டைக்குப் பணம் இல்லாமல் போயிற்று. எது முதலில் என்பதை என் தேவை தீர்மானிக்கவில்லை. எந்த வணிகர் இரவுணவுக்குப் பின் முதலில் கணினி முன் அமர்ந்தார் என்பது தீர்மானித்தது.

அன்று முழுவதும் கோபத்தில் இருந்தேன். "ஓடிபி கூட வரவில்லை" என்று அறைத்தோழனிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பேன். பின்னர் யோசித்தபோது, என் பிழையின் வேர் அந்த வாக்கியத்திலேயே இருப்பது புரிந்தது. இணையத்தில் அட்டைவழிப் பணம் செலுத்த, அட்டையின்மேல் இல்லாத ஒரு கூடுதல் சான்று வேண்டும் என்று 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. மாதந்தோறும் தானாகச் செல்லும் தொகைகளுக்கும் 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும் என்ற விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை நம்மைக் காக்கும் நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் இவற்றினூடே வளர்ந்த என் தலைமுறைக்கு ஒரு மனப்பழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஆறு இலக்க எண்ணைத் தட்டும் கணமே நாம் சம்மதிக்கும் கணம். அதற்கு முன் அழுத்திய பொத்தான்கள் அனைத்தும் வெறும் பேச்சு. வெளிநாட்டு வணிகருக்கு அக்கூடுதல் சான்று பல வேளைகளில் தேவையில்லை என்பதை நான் அறிந்திருந்தும், என் விரல் அறிந்திருக்கவில்லை.

மாலையில் என் நெறியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். ஆறுதலை எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரே கட்டுரையை மூன்று ஆய்விதழ்களுக்கு ஒரே வேளையில் அனுப்புவாயா?" மாட்டேன் என்றேன். "மூவரும் ஏற்றுக்கொண்டால் இருவரை ஏமாற்ற வேண்டிவரும் என்பதால்தானே? அஞ்சலட்டை வணிகர் ஆய்விதழ் ஆசிரியரைவிடத் தாழ்ந்தவரா?" அதற்கு என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்து பார்த்தேன். 1872ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 5ஆம் பிரிவின்படி, முன்மொழிந்தவர் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஆனால், ஏற்பு அவரைக் கட்டுப்படுத்தும் வகையில் முழுமையடைவதற்கு முன் பெற வேண்டும். மறுதரப்பு ஏற்புச் செய்தியை அனுப்பி, அது அவர் கையை விட்டு நீங்கிய கணமே முன்மொழிந்தவர் கட்டுப்பட்டவர் ஆகிறார் என்கிறது 4ஆம் பிரிவு. ஏலத்துக்கும் இவ்வாறே. சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 64ஆம் பிரிவு, சுத்தியல் விழும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்கிறது. விழுந்த பின் விற்பனை முடிந்தது. ஆக, நம் நாட்டுச் சட்டத்தின் வழி நின்று பார்த்தாலும், அன்றிரவு மூவருக்கும் நான் கடன்பட்டவனே. தானியங்கிப் பணம் எடுப்பு அக்கடனை உண்டாக்கவில்லை. கடனை மறந்துவிட்டு நழுவும் வசதியை மட்டுமே எடுத்துக்கொண்டது. நான் இழந்துவிட்டதாகப் புலம்பிய உரிமை, உண்மையில் வாக்குத் தவறும் உரிமை.

இத்துடன் முடித்திருந்தால் இப்பதிவு ஒரு பாவமன்னிப்பாக அமைந்திருக்கும். ஆனால் முறைமீது எனக்குள்ள ஐயம் தீரவில்லை. அதற்குக் காரணம் என் அம்மா.

அம்மா எங்கள் தெருவில் பல ஆண்டுகள் ஏலச்சீட்டுப் பிடித்தவர். பணம் அவசரமாகத் தேவைப்படுவோர் தள்ளு கேட்பார்கள். அதிகத் தள்ளு கேட்டவருக்குச் சீட்டு. கேட்ட சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. "வாயைத் திறக்கும் முன் மடியைத் தொட்டுப் பார்" என்பார் அம்மா. ஊர்ப் பொது ஏலங்களிலும் இதே ஒழுங்கை வேறு வடிவில் காணலாம். புளியமரத்து மகசூலோ, சந்தைக் குத்தகையோ, டேவணித் தொகை கட்டியவரே ஏலம் கேட்கலாம். தோற்றவருக்குத் தொகை திரும்பிவிடும். பங்கு வெளியீடுகளுக்கு விண்ணப்பிப்போருக்காக 2008இல் செபி கொண்டுவந்த முறையும் இதன் நவீன வடிவமே. விண்ணப்பித்த தொகை நம் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு கிடைத்தால் மட்டும் எடுக்கப்படும். கிடைக்காவிட்டால் முடக்கம் நீங்கும்.

இவை அனைத்திலும் பணம் கேட்கும் வேளையிலேயே உறுத்துகிறது. மூன்று இடங்களில் கேட்க வேண்டுமானால் மூன்று இடங்களுக்கும் மடி கனமாக இருக்க வேண்டும். நான் விலை சொன்ன தளத்திலோ, சொல்லும்போது எதுவும் உறுத்தவில்லை. 10,900 ரூபாய் வைத்திருந்தவன், அஞ்சல் செலவும் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 12,000 ரூபாய்க்கு வாக்குக் கொடுத்தான். யாரும் தடுக்கவில்லை. ஏற்கும் வேளையில்தான், நான் உறங்கிக்கொண்டிருந்தபோது, பணம் எடுக்கப்பட்டது. மூன்றாம் வணிகருக்கு அதுவும் கிட்டவில்லை. வாங்குவோர் ஏமாற்றாதிருக்கவே இம்முறை என்கிறார்கள். ஆனால் வாங்குபவனின் இயலாமையை விலை சொல்லும்போதே அவனுக்குக் காட்டாத முறை, விற்பவரையும் முழுமையாகக் காப்பதில்லை. விலை சொல்லும்போதே தொகையை முடக்கியிருந்தால், முதல் இரண்டு வாக்குகளுக்குப் பின் மூன்றாவதை என்னால் தந்திருக்கவே முடியாது. எது எனக்கு உண்மையில் தேவை என்று அப்போதே சிந்தித்திருப்பேன்.

இந்நகரின் ரஸ்ஸல் தெருவில் 1940 முதல் இயங்கும் ஏல நிலையத்தில் ஞாயிறுதோறும் ஏலம் நடக்கும். வாங்குவதற்கன்றிப் பார்ப்பதற்காகச் சிலமுறை போயிருக்கிறேன். உடைந்த கடிகாரத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், சட்டென்று தலையைக் குனிந்து பையைத் துழாவிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுவார். அந்தச் சில நொடிகளை ஏலம் விடுபவர் அவருக்கு அளிக்கிறார். இணையம் எனக்கு 48 மணி நேரம் அளித்தது. ஆனால் அந்நேரத்தில் நான் பையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்படி அங்கே எதுவும் இல்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வணிகர்களுக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதினேன். முதல்வர் அட்டையை ஏற்கெனவே அஞ்சலில் சேர்த்துவிட்டார். அது என் மேசைமேல் இருக்கிறது. இரண்டாமவர் விற்பனையை ரத்து செய்தார். பத்து நாள் கழித்துப் பணம் திரும்பியது, நாணய மாற்றில் சில நூறு ரூபாய் குறைந்து. மூன்றாமவர் நீண்ட பதில் எழுதினார். விலை சொல்லி ஏற்கவைத்துவிட்டுப் பணம் தராமல் மறைவோரால், பொருளை வாரக்கணக்கில் விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்ததாகவும், தானியங்கிப் பணம் எடுப்பு வந்தபோது தாம் மகிழ்ந்ததாகவும் எழுதியிருந்தார். என்மீது கோபம் கொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆயினும் மாத இறுதிவரை அட்டையை எடுத்துவைப்பதாகச் சொன்னார். எந்தப் பொறியும் அவரை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. வாடகையில் குறைந்ததை அறைத்தோழன் ஈடுகட்டினான். உதவித்தொகை மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. அன்றே பணம் செலுத்தினேன்.

அட்டை வந்து சேர்ந்தது. பென்சில் வரிகள் தெளிவாகவே இருந்தன. எழுதியவர் தம் தங்கைக்கு வெயிலைப் பற்றிச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் நீண்ட கடிதம் எழுதுவதாக வாக்களித்திருக்கிறார். எழுதினாரா என்பதற்குச் சான்று இல்லை.

ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. இத்தகைய தளங்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இழக்கக்கூடிய தொகைக்கு மேல் அதில் இருக்க வேண்டாம். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வாங்கும் நாளில் மட்டும் திறந்து, பின் மூடிவிடுங்கள். நம் வங்கிச் செயலிகள் அதற்கு இடம் தருகின்றன. ஒரு வேளையில் ஒருவருக்கு மட்டும் விலை சொல்லுங்கள்; அவர் மறுத்த பிறகு அடுத்தவரிடம் செல்லுங்கள். முதலிரண்டும் பணத்தைக் காக்கும். மூன்றாவதை நான் பணத்துக்காகச் சொல்லவில்லை.

இத்தகைய அனுபவம் உடையோர் பின்னூட்டத்தில் எழுதுங்கள். விற்பவர் தரப்பில் இருந்தவர்கள் எழுதினால் இன்னும் மகிழ்வேன்.